செம்புக் குழாயின் நான்கு பக்கம்

எங்கள் துறையின் பராமரிப்புக் கையேட்டில், கழிவுநீர்க் குழாய்களுக்கான அத்தியாயத்தில் பதினான்காம் விதி இப்படிச் சொல்கிறது: "எந்தக் குழாயின் கனத்தையும் மேல், கீழ், முன், பின் ஆகிய நான்கு பக்கங்களிலும் அளந்து, தேய்மானத்தின் காரணத்தை எழுத்தில் பதிவு செய்த பிறகே அதைக் கழிக்கலாம்." இரண்டே வரிதான். முப்பத்தேழு ஆண்டு சர்வீஸில் இந்த இரண்டு வரியையும் படித்தவர்கள் என்று நான் கண்டது இரண்டு பேரை. ஒருத்தி நான். இன்னொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

போன மாதம் எங்கள் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில், நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்த ஒரு பொறியாளர் படம் ஒன்றைப் போட்டார். பச்சைப் புள்ளி பூத்த குழாய். சிங்க்கிலிருந்து தண்ணீர் போகிற குழாயைச் செம்பில் போடுவார்களா, யாராவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார். பதினொரு பேர் கைகூப்பும் பொம்மை அனுப்பினார்கள். ஒருவர் ரோஜாப் பூவுடன் காலை வணக்கம் சொன்னார். பதில் சொல்லலாமே என்று நான் விரலை வைத்தேன். விரல் நிற்கவில்லை. கைபேசியில் அடங்காமல் காகிதத்துக்கு வந்துவிட்டேன்.

இப்போது குழாய்க்குள் கேமரா போகிறதாம். அறிக்கையைச் செயலியே எழுதிவிடுகிறதாம். மகிழ்ச்சி. கேமரா உள்ளே மட்டும்தான் பார்க்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நான் படித்த கதை சிறியது. மூன்றாண்டு டிப்ளமோ. ஓராண்டுப் பயிற்சி. அதில் பதினோரு மாதம் வரைபடங்களுக்கு வண்ணம் தீட்டினேன். பன்னிரண்டாம் மாதம் ஒரு மேன்ஹோலைக் காட்டினார்கள். பிறகு நானாகவே மாலை வகுப்பில் சேர்ந்து மேலே படித்தேன். ஒரு பெண் சாக்கடைப் பிரிவைக் கேட்டு வாங்குகிறாளே என்று அலுவலகம் முழுக்க என்னைப் பார்க்க வந்தது. பார்த்துவிட்டுப் போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள். குழாய் என் பொறுப்பில் வந்துவிட்டது.

செம்புக் கழிவுக் குழாயை நான் முதலில் பார்த்தது இரண்டாம் ஆண்டில், எங்கள் துறையின் பழைய ஆய்வகக் கட்டடத்தில். வார்ப்பிரும்பும் பீங்கானும் பார்த்த கண்ணுக்கு அது நகைக்கடை மாதிரி இருந்தது. ஆய்வகத்தில் மிச்சமான அமிலத்தையெல்லாம் அந்தக் குழாய்க்கு மேலே இருந்த தொட்டியில்தான் கொட்டுவார்கள். வெளியே பார்க்கக் குழாய் முழுசாக இருந்தது. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கலாம் என்று கட்டைவிரலை வைத்தேன். விரல் உள்ளே போய்விட்டது. போனது திரும்பி வரவில்லை.

என்னுடன் வந்திருந்த பிளம்பர் ஸ்ரீராம்புரம் முனுசாமி. அவரும் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குனிந்து பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார், பிறகு மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "மேடம், விரல எடுக்கணுமா, இல்ல லீக்கு நிக்கட்டும்னு வெச்சிருக்கீங்களா?"

தேங்காயெண்ணெய் ஊற்றித்தான் எடுத்தார். அன்றிலிருந்து முப்பத்தைந்து ஆண்டு நாங்கள் இரண்டு பேரும் ஒரே அணி. அன்று விரல் கற்றுக்கொண்ட பாடம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இத்தனை அழுத்தமாக இல்லை: படுத்திருக்கிற கழிவுக் குழாயில் தண்ணீர் நிறைந்து ஓடுவதில்லை, அடியோடு ஒட்டித்தான் ஓடும். ஆகவே தேய்வதும் அடியில்தான் தேயும்.

பழைய செம்புக் குழாயைப் பார்க்கிற முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். கண் மட்டும் பார்க்கட்டும். செம்பு முழுக்க ஒரே சீராகக் கறுத்தோ பச்சையாகவோ இருந்தால் அது ஆரோக்கியம்; அந்தக் களிம்புதான் அதன் சட்டை. மிளகளவில் தனித்தனியாகப் பச்சைப் புள்ளி நின்றால் அங்கே உள்ளிருந்து நீர் கசிந்து காய்கிறது. அடுத்து, பழைய செய்தித்தாளால் குழாயைச் சுற்றிவிட்டு ஒரு வாளித் தண்ணீரைத் தொட்டியில் விட வேண்டும். தாளில் ஈரம் எங்கே தோன்றுகிறதோ அங்கே பென்சில் குறி. பிறகு ரசமட்டம் வைத்துச் சரிவைப் பார்க்க வேண்டும். சரிவு போதாத இடத்தில் தண்ணீர் தங்கும். தங்கிய இடத்தில் தின்னும். அதற்கப்புறம் மரக்கரண்டியால் தட்டலாம். கனமான குழாய் கோயில் மணியின் சித்தப்பா மகன்போல ஒலிக்கும். தேய்ந்தது டப்பா மாதிரி பேசும். கடைசியாக, கடைசியாகத்தான், கனம் அளக்கும் கேஜ். அதன் முனை குழாயோடு ஒட்ட ஒரு பசை தடவ வேண்டும். அந்தப் பசை எங்கள் ஸ்டோரில் இருந்ததாக நினைவில்லை. முனுசாமியிடம் தேங்காயெண்ணெய் எப்போதும் இருந்தது.

நான் சொல்ல வந்த வழக்கு என் கடைசி ஆண்டில் வந்தது. அப்போது என் மேலதிகாரி செயற்பொறியாளர் நஞ்சுண்டப்பா. மெலிந்த மனிதர், மெலிந்த குரல். எந்தக் கோப்பையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். முதல் பக்கத்தில் எல்லோரும் ஜாக்கிரதையாக எழுதுவார்களாம், கடைசிப் பக்கத்தில் களைத்துப்போய் உண்மையை விட்டுவிடுவார்களாம். படித்து முடித்ததும் ஓரத்தில் கன்னடத்தில் "சர்ச்சிஸி" என்று எழுதுவார். விவாதிக்கவும் என்று பொருள். விவாதிக்கப் போய் நின்றால் நம்மைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, "ஃபார்ம்னல்லி எல்லிதெ?" என்பார். படிவத்தில் எங்கே இருக்கிறது? அவரைப் பொறுத்தவரை படிவத்தில் கட்டம் இல்லாத பொருள் உலகத்திலும் இல்லை.

எங்கள் படிவத்தில் குழாய் வகைக்கு மூன்று கட்டம்: வார்ப்பிரும்பு, பீங்கான், பிவிசி. செம்பு கிடையாது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் துறைக்குச் சில பழைய ஓட்டு வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில் ஸ்டெல்லா டீச்சர் குடியிருந்தார். துறையின் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகும் அந்த வீட்டில் இருந்துகொள்ள அவருக்கு அனுமதி இருந்தது, ஒரு நிபந்தனையோடு: கட்டடம் வசிக்கத் தகுந்ததாக இருக்கும்வரை. வீட்டை எப்போதோ புதுப்பித்த ஒரு அதிகாரி வெளிநாட்டில் பார்த்த ஆசையில் சமையலறையிலிருந்து தெருச் சாக்கடை வரை செம்பில் குழாய் போட்டிருந்தார்.

ஒருநாள் சமையலறைக் கழிவுக் குழாய் சொட்டியது. ஒரு நாளைக்கு மூன்று சொட்டு. டீச்சர் டம்ளர் வைத்து எண்ணிப் புகார் கொடுத்தார். துறை வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை அனுப்பியது. அவர் வந்தார், குனிந்தார், ஒரே இடத்தில் அளந்தார், எழுந்தார். கனம் பாதிக்கும் கீழே, ஆகவே வீட்டின் எல்லாக் குழாயும் போய்விட்டது, தரையை முழுக்கப் பெயர்க்க வேண்டும், பழைய சுவர் அதைத் தாங்காது, ஆகவே கட்டடம் வசிக்கத் தகுந்ததல்ல. செம்புக்குக் கட்டம் இல்லாததால் வார்ப்பிரும்பில் குறி போட்டிருந்தார். மூன்று சொட்டுத் தண்ணீருக்குப் பதிலாக டீச்சருக்கு நோட்டீஸ் வந்தது: செப்டம்பர் முப்பதுக்குள் வீட்டைக் காலி செய்யவும்.

நோட்டீஸ் போன பிறகுதான் கோப்பு கையெழுத்துக்காக என் மேஜைக்கு வந்தது. ஒரு அளவு. ஒரே ஒரு அளவு. பதினான்காம் விதிக்கு இதைவிடப் பெரிய அவமரியாதையை நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடாமல் முனுசாமியைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

டீச்சர் கதவைத் திறந்ததும் வரவேற்கவில்லை. கையில் ஆலோசகரின் அறிக்கை நகல். "ஒரு ரீடிங்க எடுத்துட்டு ஆவரேஜ்னு எழுதியிருக்கான். ஒண்ணுக்கு ஏதும்மா ஆவரேஜ்? எங்க கிளாஸ்ல இவன் ஆறாவது தாண்டியிருக்க மாட்டான்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது.

சமையலறையில் சிங்க்குக்குக் கீழே குழாய் சுவரோரமாக நாலடி தூரம் படுத்து ஓடி, பிறகு சுவருக்குள் மறைந்தது. அந்த நாலடியைப் பார்த்ததும் நான் சற்று அசந்துதான் போனேன். அது குழாய் இல்லை, நாதஸ்வரம். முகம் பார்க்கலாம். முனுசாமி உண்மையிலேயே குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார். முப்பது நாற்பது வயதான செம்பு இப்படி இருக்கவே முடியாது. களிம்புச் சட்டை எங்கே?

தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்தேன். ஐம்பத்தொன்பது வயதில் சிங்க்குக்கு அடியில் மல்லாக்கப் படுக்கிற பெண் உதவிப் பொறியாளரைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பூனையும் வந்தது. சரிவு சரியாக இருந்தது. இணைப்புகள் சரி. கேஜை வாங்கி முன்பக்கம் வைத்தேன். 0.5. புதுக் குழாய் 1.2 மில்லிமீட்டர். ஆலோசகர் பொய் சொல்லவில்லை. மேலே வைத்தேன். 0.9. அடியில் வைத்தேன், அன்று ஆய்வகத்தில் விரல் போன அதே அடிப்பக்கத்தில். 1.1. கேஜைத் துடைத்து மறுபடி வைத்தேன். 1.1. கையைச் சுவருக்கும் குழாய்க்கும் நடுவில் வளைத்து, தோள்பட்டை கழன்றுவிடும் போல நீட்டிப் பின்பக்கம் வைத்தேன். 1.2. அந்தப் பக்கம் விரலுக்குச் சொரசொரவென்று, பச்சையாக, ஜம்மென்று களிம்பு.

தண்ணீர் அடியில் ஓடும். முன்பக்கமாக ஓடுகிற தண்ணீரை நான் முப்பத்தேழு ஆண்டில் பார்த்ததில்லை. அப்படியானால் இதைத் தின்றது தண்ணீர் இல்லை. படுத்தபடியே தலையைத் திருப்பினேன். ஜன்னல் கட்டையில் ஒரு பழைய கிண்ணம். அதில் உருட்டி வைத்த புளி, கல்லுப்பு, சலித்த செங்கல் தூள்.

"டீச்சர், இந்தக் குழாயைத் தேய்க்கிறது யாரு?"

"யாரா? நான்தான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை. செம்பைக் களிம்பு ஏற விட்டா விஷமாச்சே."

"எத்தனை வருஷமா?"

"குடி வந்த நாள்லேர்ந்து. முப்பத்தோரு வருஷம். ஆயிரத்து அறுநூத்துப் பன்னெண்டு சனிக்கிழமை. ஜுரம் வந்தாக்கூட விட்டதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன். சிங்க்குக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரிப்பை அடக்குவது எப்படி என்று எந்த விதியிலும் இல்லை. டீச்சரின் கை எட்டிய இடம் தேய்ந்திருக்கிறது. கை எட்டாத இடம் புதுசாக இருக்கிறது. ஆலோசகரும் கை எட்டிய இடத்தில்தான் அளந்திருக்கிறார். ஒருவர் ஆயிரத்து அறுநூறு சனிக்கிழமை உழைத்துத் தேய்த்த அதே இடத்தில் இன்னொருவர் அரை நிமிடம் குனிந்து அளந்திருக்கிறார். எழுந்திருக்க முடியவில்லை. தலை சிங்க்கில் இடித்தது, இன்னும் சிரித்தேன். பூனை ஓடிப்போனது.

டீச்சருக்குக் கோபம். "என்னத்துக்குச் சிரிக்கிற?"

முனுசாமிதான் விளக்கினார். "டீச்சர், கொழா நல்லாத்தான் இருந்துச்சு. நீங்கதான் அதத் தின்னுட்டீங்க."

ஒரு நிமிடம் அவர் அந்தப் பளபளப்பையே பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி குடித்தோம். அந்தச் சந்தோஷத்தில் நடைபாதைக் கல்லைப் பெயர்த்து, தரைக்கடியில் போகிற குழாயை இரண்டு இடத்தில் திறந்து அளந்து பார்த்தோம். யாரும் புளி போட்டுத் தேய்க்காத அந்தக் குழாய் நான்கு பக்கமும் பச்சையாக, கனமாக, மகாராணி மாதிரிப் படுத்திருந்தது. மாற்ற வேண்டியது நாலே அடி. முன்பக்கம் ஊசித்துளை விழுந்து சொட்டிய இடத்தில் முனுசாமி சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி இறுக்கினார். மூன்று சொட்டும் நின்றது.

அலுவலகத்துக்கு வந்து, படிவத்தில் ஸ்கேல் வைத்து நான்காவதாக ஒரு கட்டம் வரைந்தேன். செம்பு என்று எழுதிக் குறி போட்டேன். சமையலறையில் நான்கு, தரைக்கடியில் எட்டு, ஆகப் பன்னிரண்டு அளவையும் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எழுதினேன்: "குடியிருப்பவர் வெளிப்பக்கத்தைத் தொடர்ந்து தேய்த்துத் துலக்கியது." கையெழுத்துப் போட்டேன். வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கோப்பு திரும்பி வந்தது. "சர்ச்சிஸி."

போய் நின்றேன். நஞ்சுண்டப்பா படிவத்தில் எங்கே என்று கேட்பார், நான் வரைந்த கட்டத்தைக் காட்டலாம் என்று தயாராக இருந்தேன். அவர் கட்டத்தைப் பார்த்தார், ஸ்கேல் வைத்துத்தான் போட்டீர்களா என்று கேட்டார், திருப்தியடைந்தார். பிறகு என்னை உட்காரச் சொன்னார். அது அவர் வழக்கமே இல்லை.

"ஏன்ரீ கலாவதி, உண்மைய எழுதிட்டீங்க. உண்மை டேஞ்சர் கண்ரீ. ஒம்பதாவது நிபந்தனை ஓதித்ரா?"

ஒன்பதாவது நிபந்தனையைப் படிக்கவில்லை. முப்பத்தேழு ஆண்டாக எல்லோரையும் படிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். குடியிருப்பு அனுமதியின் ஒன்பதாவது நிபந்தனை: குடியிருப்பவரின் செயலால் பொருத்துதல்களுக்குச் சேதம் நேர்ந்தால் அனுமதி உடனே ரத்தாகும். அதாவது வீட்டைக் காப்பாற்றிவிட்டேன். டீச்சரை வெளியே தள்ளிவிட்டேன். ஆலோசகர் செப்டம்பர் வரை நேரம் கொடுத்திருந்தார். என் உண்மை அதுவும் கொடுக்காது.

காரணத்தை மாற்றி எழுதலாம். "இயல்பான தேய்மானம்" என்று இரண்டு சொல். ஆனால் பன்னிரண்டு அளவும் பக்கத்திலேயே இருக்கின்றன. இயல்பாக முன்பக்கம் மட்டும் தேய்கிற குழாயை யார் நம்புவார்கள்? சிரிப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

நஞ்சுண்டப்பா அவசரப்படவில்லை. டீச்சரின் அனுமதிப் பத்திரத்தை எடுத்தார். பின்பக்கமாகத் திருப்பினார். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்கு மேலே, யாரும் படிக்காத சின்ன எழுத்தில் இருந்த இருபத்து மூன்றாவது நிபந்தனையில் பேனா முனையை வைத்து என் பக்கம் தள்ளினார். "உலோகப் பொருத்துதல்கள் அனைத்தையும் குடியிருப்பவர் எப்போதும் சுத்தமாகவும் பளபளப்பாகவும் வைத்திருக்க வேண்டும்."

"அவங்க டேமேஜ் பண்ணல. கண்டிஷனை ஃபாலோ பண்ணியிருக்காங்க. முப்பத்தோரு வருஷ. நம்ம டிபார்ட்மெண்டல்லி வேற யாரு பண்ணியிருக்காங்க, சொல்லுங்க?"

அவர் முகத்தில் அசைவே இல்லை. எனக்குத்தான் மறுபடி சிரிப்பு வெடித்தது. பதினான்காம் விதியைப் படித்த இன்னொருவர் இவர்தான் என்பதும் அன்றுதான் தெரிந்தது. காரணத்துக்குப் பக்கத்தில் நிபந்தனை எண்ணையும் குறிப்பிடலாம் என்று அந்த விதிக்கு ஓர் அடிக்குறிப்பு இருப்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். "இருபத்து மூன்றாவது நிபந்தனையை நிறைவேற்றியதன் விளைவு" என்று சேர்த்து எழுதினேன். நாலடி மாற்ற அனுமதியும், நோட்டீஸை ரத்து செய்ய உத்தரவும் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. அது ஏப்ரல்.

மே முப்பத்தொன்றில் நான் ஓய்வு பெற்றேன். மாலை, சால்வை, மைசூர்பாகு. பதில் வரவில்லை.

பதில் வரும்வரை குழாயைத் தொடக்கூடாது என்று டீச்சரிடம் உத்தரவு போட்டிருந்தேன். அது அவரை நோட்டீஸைவிட அதிகமாக வதைத்தது. சனிக்கிழமைதோறும் அல்சூரில் என் வீட்டுக்குப் போன் வரும். மங்கிவிட்டது என்பார். கறுத்துவிட்டது என்பார். ஆகஸ்டில், முனை பச்சையாகிவிட்டது, பார்க்கச் சகிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவுகிறேன் என்றார். இடையிடையே வேறு செய்தியும் வரும். புத்தகங்களைப் பெட்டியில் கட்டிவிட்டார். ஒரு கணக்குப் புத்தகம் தேவைப்பட்டு ஒரு பெட்டியைப் பிரித்தார். ஓசூரில் தங்கை மகன் ஒரு அறை தருகிறேன் என்றானாம். அந்த அறையில் ஜன்னலே இல்லையாம். செப்டம்பர் பிறந்ததும் போனில் குழாயைப் பற்றிப் பேச்சே இல்லை. கட்டிலை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டார். நான் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு முறை நேரில் போனேன். ஓய்வு பெற்றவர்கள் பார்வையாளர் வரிசையில் நிற்க வேண்டும் என்றார்கள். நின்றேன். கடிதம் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

பிறகு ஒருநாள் மதியம் போன் அடித்தது. டீச்சர் எடுத்த எடுப்பில் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தார், இடையிடையே அதன் இலக்கணத்தைத் திருத்திக்கொண்டே. நாலடிக் குழாயை மாற்ற அனுமதி. நோட்டீஸ் ரத்து. குடியிருப்பு அனுமதி தொடரும். அத்துடன், இதுபோன்ற தேய்மானம் எதிர்காலத்தில் நேராதிருக்க, அனைத்துக் குடியிருப்புகளின் இருபத்து மூன்றாவது நிபந்தனையிலிருந்து "பளபளப்பாகவும்" என்ற சொல் நீக்கப்படுகிறது.

படித்து முடித்துக் கடிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

"கலா, கவர்ன்மெண்டே சொல்லிடுச்சு. இனிமே சனிக்கிழமை நான் என்னம்மா பண்றது?" என்றார். பிறகு சிரித்தார், நானும். போனைக் கீழே வைக்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. முனுசாமி அன்று மாலையே போய்ப் புத்தகப் பெட்டிகளின் கயிற்றை அறுத்துவிட்டு வந்தார்.

கடிதத்தின் தலைப்பில் இருந்த தேதி ஜூன் மூன்று. அது ரிச்சர்ட்ஸ் டவுன் வந்து சேர்ந்தது செப்டம்பர் இருபத்தாறு, வெள்ளிக்கிழமை.